மோர் குடிக்காத பெண்கள்

திருநின்றவூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகன் ஜாபஸுக்கு அம்மா சகாயம்மாள் எழுதுகிறேன். இயேசுவின் இரக்கத்தால் இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி பெனிஷா மூன்று பேரும் சுகம். அங்கே குஜராத்தில் நீயும் மருமகள் ஷர்மிளாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இப்போதுதான் மாதா பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன், காற்றில் அணைந்துபோய் மறுபடியும் ஏற்றினேன், அதனால் உங்களுக்கு இரட்டிப்பு சுகம் என்று வைத்துக்கொள். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, ஏரி பாதி நிறைந்துவிட்டது, அப்பா தினமும் காலையில் போய் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் செய்தி வாசிக்கிறார். ஆவடி ஃபாக்டரி இரைச்சலில் போன காது போனதுதான், ஆனால் நான் அவரைப் பற்றி மெதுவாக ஏதாவது சொன்னால் மட்டும் நன்றாகக் கேட்கிறது. எதிர்வீட்டு ஸ்ரீநாத் அகமதாபாத்துக்கு ரயிலேறுகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா.

போன மாதம் நீ தங்கச்சியைப் பற்றிக் கோபமாகப் பேசினாய். அவ யூனியன் கீனியன்னு சுத்தினா வேலையே போயிடும், நீதான் அவளை அடக்கி வைக்கணும் என்றாய். நான் பதில் சொல்லாமல் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் காதில் பாதி விழுந்து ஆமாம் நல்ல மழைதான் என்று சொல்லி வைத்தார். எனக்குப் பதில் இல்லாமல் இல்லை ராஜா, அது நீளம். உன் தங்கச்சி என்ன செய்தாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவள் பெயர் சொல்லி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் நிமிர்ந்து நின்றுதான் பேசுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் பெனிஷா வேலை பார்க்கிற கார் சீட் கம்பெனியின் கேன்டீனில்தான் நானும் சமைக்கிறேன். அவள் லைனில் நிரந்தரத் தொழிலாளி, நான் கேன்டீன் கான்ட்ராக்டர் ரகுநாதனின் ஆள், இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஆனால் கேன்டீன்காரர்களுக்குக் கடைசி சீட்டுதான். கோடையில் மதியச் சாப்பாட்டோடு நான் ஒரு டிரம் மோர் வைப்பேன். என் மோரைப் பற்றி உனக்குத் தெரியும். வெயில் ஏற ஏற டிரம் சீக்கிரம் காலியாக வேண்டும், ஆனால் இந்த வருஷம் மிச்சமாகிக்கொண்டே வந்தது. ஆண்கள் குடிக்கிறார்கள், பெண்கள் தொடுவதில்லை. புளித்துவிட்டதோ என்று தயிரை மாற்றினேன், உப்பைக் குறைத்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன், கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன், அப்படியும் டிரம் கனமாகவே திரும்பி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் மேசைக்குப் போய், மகாராணிகளுக்கு என் மோர் ஆகாதா, ஜூஸ் பிழிந்து தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். லாவண்யா என்று ஒரு கான்ட்ராக்ட் பெண், பட்டாபிராமிலிருந்து வருகிறவள், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள், அவள்தான் சொன்னாள், மோரு சூப்பராத்தான் கீது ஆன்ட்டி, குட்ச்சா அப்பால எங்க போறது, லைன்ல நின்னுகினே போவறதா என்று. எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லைனில் ஒருவருக்குக் கக்கூஸ் போக வேண்டும் என்றால் அவர் இடத்தில் நிற்க ரிலீவர் என்று ஓர் ஆள் உண்டு என்பது ஃபாக்டரியில் லைன் பார்க்கிற உனக்குத் தெரிந்த விஷயம், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும், ஒருவர் நகர்ந்தால் அடுத்த சீட் வந்து முட்டி நிற்கும், மேலே சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவார். புதிய மாடல் காருக்கு ஆர்டர் கூடியதும் கம்பெனி ரிலீவர் எல்லாரையும் எடுத்துப் புது லைனில் போட்டுவிட்டது. அதிலிருந்து இந்தப் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், மதியம் சோற்றைக்கூடக் கட்டியாகப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். அதுவும் லாவண்யா நிற்கிற இடம் சீட் துணியின் சுருக்கம் போக நீராவி அடிக்கிற இடம், என் அடுப்படியே தேவலை என்று சொல்ல வைக்கிற சூடு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லையே என்று பெனிஷாவைப் பிடித்துக் கேட்டேன், நீயும் குடிக்கிறதில்லையா என்று. நீ ராத்திரி ஊத்தற ரசத்தை ஏன் சொம்போட குடிக்கிறேன்னு நெனச்ச என்றாள். மறு வாரமே லாவண்யா நீராவிக் குழாயைப் பிடித்தபடி சரிந்து விழுந்தாள். சிறுநீரில் கிருமி ஏறிக் காய்ச்சல், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கையிலும் சூடு பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அந்தப் பெண் கவலைப்பட்டது தன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்றுதான்.

பெனிஷா யூனியன் கமிட்டியில் இருக்கிறாள் அல்லவா, அவள்தான் தலைவர் சிவராமனிடம் இதைக் கொண்டுபோனாள். சிவராமன் நல்ல மனிதர், ஆனால் எதையும் ஆறப் போட்டுப் பேசுகிறவர். அந்தச் சமயம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற சம்பள ஒப்பந்தமும் பேச்சில் இருந்தது. ரிலீவரைத் திருப்பிக் கொடு என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டார்கள், கம்பெனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நினைத்தால் வேலையை நிறுத்தியிருக்கலாம். இவர்கள் சீட் போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அங்கே கார் கம்பெனி லைனே நின்றுவிடும், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படி நிறுத்தினால் முதலில் வெளியே போகிறவர்கள் கான்ட்ராக்ட் பெண்கள்தான் என்று பெனிஷா சொன்னதால் வேறு வழி எடுத்தார்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளில் வழக்கமாகச் செய்வதுதான், கேன்டீன் சாப்பாட்டைப் புறக்கணிப்பது. வேலை நிற்காது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வந்து மேசையில் காலித் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள், மணி அடித்ததும் எழுந்து போய் வேலை பார்ப்பார்கள். வீட்டிலிருந்தும் கட்டிக்கொண்டு வரக் கூடாது.

இது நான் சமைத்த சாப்பாடு ஜாபஸ். முதல் நாள் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஆறி அவலாகிக் கிடக்கிறது, ஒரு கூட்டமே எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது, என் வீட்டுப் பெண்ணும் அதில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனியோடு சண்டை என்றால் கம்பெனியோடு போடு, என் சாம்பார் என்ன பாவம் செய்தது. இதில் ரகுநாதன் வேறு, விற்காத நாளுக்கு உங்களுக்கும் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஆபீசிலிருந்து அவருக்கு ஏதோ சொல்லியிருக்கிறார்கள், நாளைக்கு சிக்கன் பிரியாணி போடு சகாயம், எவன் எழுந்து வரலைன்னு பார்ப்போம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், நானும் வீம்பாகத்தான் போட்டேன். புதினா கூடுதலாகப் போட்டு, பட்டை கிராம்பை நெய்யில் பொரித்து, தம் உடைக்கிற நேரத்தில் அண்டாவை மின்விசிறிக்கு நேரே இழுத்து வைத்தேன். வாசனை கூடம் முழுக்கப் போய் நின்றது. ஒருத்தர் எழுந்திருக்க வேண்டுமே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கோவிந்தராஜ் மட்டும் எழுந்து வந்தார், ஆள் வாட்டசாட்டம், என் பிரியாணியை மூன்று தடவை வாங்குகிறவர். எல்லார் தலையும் திரும்பியது. அவர் என் முன்னால் நின்று கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, வாசனை தூக்குது ஆன்ட்டி, வேணாம், இன்னொரு நாளு வச்சிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ இளகியது. இவ்வளவு பசியை அடக்கிக்கொண்டு இவர்கள் கேட்பது என்ன, ஒரு பெண் கக்கூஸ் போய் வருகிற நேரம். பிரியாணியைப் பூந்தமல்லி பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம், அந்தப் பிள்ளைகளாவது வயிறாரச் சாப்பிட்டிருக்கும்.

மனது இளகியதே தவிர அதற்கடுத்த நாள் நான் செய்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். பெனிஷா முகம் வாடிப்போய்க் கிடந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, எனக்குத் தாங்கவில்லை. தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, முட்டை ஒன்று வைத்து, அத்தனை பேர் நடுவிலும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டேன். பெற்றவள் வைத்த சோறு எந்தப் புறக்கணிப்பில் சேரும் என்பது என் கணக்கு. மூலையில் நின்ற கம்பெனி பெர்சனல் ஆபீசர் ஃபோனை எடுத்துவிட்டார், ஒரு பிடி வாயில் போயிருந்தால் கமிட்டிக்காரியே சாப்பிடுகிறாள் என்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெனிஷா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, ஒரு பருக்கை சிந்தாமல் நடந்து வந்து கவுன்டரில் வைத்தாள். இங்க நீ கேன்டீன், நான் லைன், ஊட்டுக்குப் போயி அம்மாவா இரு என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். கூட்டம் கை தட்டியது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் துடைக்கிற மாதிரி நின்றேன். பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் தினமும் காலையில் அவளுடைய சேஃப்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்தார், அவர் முப்பது வருஷம் யூனியனில் இருந்தவர், சொல்லிக்காட்ட அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அப்புறம்தான் பெரிய சோதனை வந்தது. கம்பெனி சிவராமனைக் கூப்பிட்டு, சம்பள ஒப்பந்தத்தை நீங்கள் கேட்டபடியே கையெழுத்துப் போடுகிறோம், ரிலீவர் பேச்சை விடுங்கள், அது கான்ட்ராக்ட் பெண்கள் சமாச்சாரம், அவர்கள் உங்கள் யூனியனில் உறுப்பினர்கூடக் கிடையாது என்றது. பெனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஓசூர் யூனிட்டில் உன்னைப் போல நல்ல ஆள் தேவைப்படுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே எனக்குச் சொல்வாய். நீ ஃபோனில் கோபப்பட்டதும் அன்றைக்குத்தான். நானும் பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். தாம்பரம் தாண்டினாலே போய்ச் சேர்ந்தாயா என்று பத்துத் தடவை கேட்கிறவள் நான். வீட்டுக் கடன், பிள்ளைகள் ஃபீஸ் என்று எல்லாருக்கும் கழுத்து வரை இருக்கிறது, கேட்ட சம்பளம் கைக்கு வருகிறது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும். ஷிஃப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே கூட்டம் போட்டார்கள். கேன்டீன்காரிகள் நாங்கள் பாத்திர வண்டி ஓரமாக நின்று கேட்டோம். பாதிப் பேர் முகத்திலேயே தெரிந்தது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று.

உன் தங்கச்சி ஒரு பிளாஸ்டிக் கிரேட் பெட்டி மேல் ஏறி நின்றாள். சண்டைக்காரி மாதிரி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற டீச்சர் மாதிரி ஆளாளாகப் பார்த்துப் பேசினாள். ரிலீவரை எடுத்தப்புறம் நீங்கள்லாம் பாத்ரூம் போனீங்களா இல்லையா என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டாள். சிரித்தார்கள். போனீங்க இல்ல, அப்ப உங்க எடத்துல யாரு நின்னது, சொல்லுங்க என்றாள். யாரையும் விடவில்லை, கோவிந்தராஜ் அண்ணே, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாறறதுக்கு முன்னாடி நீ ஃபோம் ஏத்தற எடத்துல இருந்தப்ப யாரு நின்னா என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, லாவண்யாதான், பக்கத்து ஸ்டேஷன், அண்ணா நீ போயிட்டு வா நான் பாத்துக்கறேன்னு சொல்லும், ரெண்டு எடத்தையும் சேர்த்துப் பாக்கும் என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், எனக்கும் அந்தப் பொண்ணுதான் என்றார். இன்னொருவர் வேறு பெண்ணின் பெயரைச் சொன்னார். அப்படியே ஒவ்வொரு பெயராக வந்தது, எல்லாம் கான்ட்ராக்ட் பெண்கள். அவங்களுக்கு யாருப்பா நின்னீங்க என்று பெனிஷா கேட்டாள். அவ்வளவுதான் அவள் பேசியது, கிரேட்டிலிருந்து இறங்கிவிட்டாள். நான் பெற்ற பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து வேண்டாம் என்று முதல் கையைத் தூக்கியவர் கோவிந்தராஜ், அதற்குப் பிறகு எண்ணுவதற்கு அவசியம் இருக்கவில்லை, எனக்கு ஓட்டு இல்லை என்பதை மறந்து நானும் கையைத் தூக்கிவிட்டேன், கையில் கரண்டி இருந்ததாம், என்னோடு கேன்டீனில் சமைக்கிற கன்னியம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். லேபர் ஆபீசில் வைத்து ஒப்பந்தம் ஆனது. ரிலீவர் எல்லா லைனுக்கும் உண்டு, நிரந்தரம் கான்ட்ராக்ட் என்று பார்க்காமல் கை தூக்குகிறவருக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். கேன்டீன் ஆட்களுக்கு அந்த நாட்களின் கூலியைப் பிடிக்கக் கூடாது என்பதையும் பெனிஷா சேர்க்கச் சொன்னாளாம், நான் கேட்கவே இல்லை. சம்பளம் முதலில் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவாகத்தான் ஏறியது, அதில் சில பேருக்கு முணுமுணுப்பு உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஓசூர் பேச்சு அடங்கிவிட்டது, ஆனால் அவளைத் தையல் பிரிவிலிருந்து எடுத்து நீராவி இடத்தில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் முகம் வெந்து சிவந்து வருகிறாள். சிவராமன் பேசிக்கொண்டிருக்கிறார். லாவண்யா வேலைக்குத் திரும்பிவிட்டாள், அவளைச் சூடில்லாத இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், பெனிஷாவுக்கு அது போதுமாம். அவள் திரும்பி வந்த அன்றைக்கு நான் மோர் டிரம்மைக் கொண்டுபோய்ப் பெண்கள் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டாவது முறை சோறு போடப் போகும்போது டிரம்மைச் சாய்த்துப் பிடித்து அடியில் கிடந்த கறிவேப்பிலையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டு வாங்கின மோர் ஆன்ட்டி, சீக்கிரம் தீர்ந்துபூட்ச்சி என்றாள் லாவண்யா.

இப்போது உன் விஷயம். கோடைக்கு முன்னால் நீ உன் லைனில் ரிலீவரை எடுத்துவிட்டு ஆளைக் குறைத்துக் காட்டியதற்குப் பெரிய மேலாளர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, என் மகனுக்குக் கை கொடுத்தார்கள் என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். சின்ன வயதில் பஸ்ஸில் அடக்க முடியாமல் அழுவாய், அப்பா டிரைவரிடம் சண்டை போட்டு வண்டியை நிறுத்தி உன்னை இறக்கிவிடுவார், அந்தப் பிள்ளைதானே நீ. உன் வேலை எனக்குத் தெரியாது, உனக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது, அதனால் இதைச் செய் அதைச் செய் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்காக ஒன்றே ஒன்று பார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஊறுகாயை ஷர்மிளாவுக்கு மிச்சம் வை, அவள் அம்மாவிடம் பேசினேன் என்று சொல். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, தங்கச்சியை வந்து கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுப் போ, அவள் உன்மேல் கோபமாக இல்லை, நீ அழைப்பாய் என்று ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். மாதா உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும், உன் கையின்கீழ் வேலை செய்கிறவர்களையும் பிடித்துக்கொள்ளட்டும். இதைப் படித்த மறுநாள் ஷிஃப்ட் முடிகிறபோது உன் லைனுக்கு ஒரு நடை போய், அங்கே நிற்கிற பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார். காலையில் கொண்டுவந்த கனம் அப்படியே இருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

உன்னை நம்புகிற,
அம்மா சகாயம்மாள்
(அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்: இக்னேஷியஸ். ஏரி இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறதாம்.)